மாடி டிரம்மில் புகைக்கறி: விற்கத் தொடங்கலாமா?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 34. கோவையில் மென்பொருள் வேலை. நான்கு வருடமாக மொட்டை மாடியில் ஒரு 200 லிட்டர் டிரம்மை ஸ்மோக்கராக மாற்றி, கோழியும் பன்றி விலாவும் புகை போட்டு வருகிறேன். ஹிக்கரி என்ற அமெரிக்க மரத்தின் சில்லுகளை ஆன்லைனில் வாங்கிப் போடுகிறேன். நிறம் பார்த்து இறக்குவேன். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் "இதைக் காசுக்குக் கொடு, வாங்கிக்கொள்கிறோம்" என்கிறார்கள். முழுக்கோழியை 450 ரூபாய்க்குக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். எங்கள் பகுதியில் சூப்பர் மார்க்கெட் வைத்திருக்கும் ஒருவர், வேக்குவம் பேக் செய்து கொடுத்தால் வாரம் 15 கிலோ எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார். அதை நம்பி 2.5 லட்சம் ரூபாய்க்கு வெளிநாட்டு ஸ்மோக்கர் ஒன்று வாங்கலாமா? வீட்டில் செய்வதற்கும் லைசென்ஸ் வேண்டுமா? என் மனைவிக்கு இதில் பயம் இருக்கிறது. நீங்கள் சொல்வதைக் கேட்டு முடிவெடுக்கலாம் என்று இருக்கிறோம். படம் இணைத்திருக்கிறேன். பெயர் வேண்டாம்.

பதில்: தம்பி, முதலில் உங்கள் படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஐந்து கோழிகளும் நல்ல தேன் நிறத்தில் இருக்கின்றன. தோல் வெடிக்கவில்லை, தொடை எலும்பிலிருந்து சதை லேசாகச் சுருங்கி ஏறியிருக்கிறது. பக்குவம் கைவந்தவர் செய்த வேலை என்று பார்த்ததுமே தெரிகிறது. கடைசிக் கோழியின் இறக்கையில் மட்டும் கரும்புள்ளிகள் இருக்கின்றன. அன்றைக்கு விறகில் ஈரம் இருந்திருக்கும், அல்லது கோழியை ஈரத்தோடு தொங்கவிட்டிருப்பீர்கள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் கேள்விக்கு நேரான பதில் இது. விற்கலாம், தாராளமாக ஆரம்பியுங்கள். ஆனால் முன்கூட்டியே ஆர்டர் வாங்கி, புகை போட்ட அன்றைக்கே, சூடு ஆறுவதற்குள் விற்றுவிடுங்கள். சூப்பர் மார்க்கெட்காரர் கேட்கும் வேக்குவம் பொட்டலத்தை இப்போது ஒப்புக்கொள்ளாதீர்கள். 2.5 லட்சம் ரூபாய் இயந்திரமும் இப்போது வேண்டாம். உங்கள் மனைவியின் பயம் நியாயமானது. ஏன் என்பதைத்தான் இந்தப் பதிலில் அதிகம் சொல்லப்போகிறேன்.

புகை போட்ட கறி கெடாது என்ற எண்ணம் நம் மக்களிடம் ஆழமாக இருக்கிறது. அடுப்புக்கு மேலே பரணில் தொங்கவிட்ட கறியைப் பார்த்து வந்த எண்ணம் அது. நம் ஊர் உப்புக்கண்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உப்பும் மஞ்சளும் தடவி, கம்பியில் கோத்து, வெயிலில் நாள்கணக்காகக் காயவைத்து, கடைசியில் கட்டை மாதிரி ஆகிறது. மாசிக் கருவாடும் அப்படித்தான். மினிக்காயிலும் மாலத்தீவிலும் சூரை மீனை அவித்து, புகை காட்டி, பிறகு கல் மாதிரி ஆகும்வரை வெயிலில் உலர்த்துகிறார்கள். இரண்டையும் கெடாமல் வைத்திருப்பது உப்பும் வறட்சியும். மாசியில் புகை ஒரு துணை, அவ்வளவே.

நீங்கள் செய்யும் கோழி வேறு சங்கதி. கடித்தால் சாறு வடிகிறது, அதற்காகத்தான் ஆட்கள் வருகிறார்கள். சாறு இருக்கும் கறியில் கிருமிக்கு வேண்டிய தண்ணீர் இருக்கிறது. மேல்தோலில் படிந்த புகை உள்சதையைக் காப்பாற்றாது. எனவே பாதுகாப்பு விஷயத்தில் உங்கள் புகைக்கோழி சமைத்த கோழிக்குச் சமம். குழம்புக் கோழியை எத்தனை மணி நேரம் வெளியே வைப்பீர்களோ, இதையும் அவ்வளவு நேரம்தான் வைக்கலாம்.

இனி வேக்குவம் பொட்டலம். காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டால் கறி கெடாது என்று கடைக்காரர் நினைக்கிறார். காற்று இல்லாத இடத்தைத் தேடும் கிருமியும் உண்டு. அதன் பெயர் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம். விதை மாதிரி உறங்கிக் கிடக்கும் அதன் வித்துகள் மண்ணில் இருக்கின்றன. உங்கள் டிரம்மின் 120 டிகிரி சூட்டில் கோழியின் உட்புறம் 80, 85 டிகிரியைத் தாண்டாது. அந்தச் சூட்டில் வித்து சாகாது. காற்றில்லாத பையில், ஈரமான கறியில், குளிர் குறைந்த நேரத்தில் அது முளைத்து நஞ்சை உண்டாக்கும். பை உப்பாமலே இருக்கலாம். நாற்றமும் வராமல் போகலாம். சாப்பிட்டவருக்கு முதலில் இமை தொங்கும், பார்வை இரண்டாகத் தெரியும், நாக்கு குழறும், கடைசியில் மூச்சு விடும் தசைகள் செயலிழக்கும். 1895-ல் பெல்ஜியத்தின் எல்லெசெல் கிராமத்தில் ஒரு சாவு வீட்டுக்கு வாசிக்க வந்த இசைக்குழுவினர் பதப்படுத்திய பன்றித்தொடையைச் சாப்பிட்டார்கள். பலர் படுத்தார்கள், மூன்று பேர் இறந்தார்கள். அந்தத் தொடையிலிருந்துதான் எமில் வான் எர்மெங்கம் இந்தக் கிருமியைப் பிரித்தெடுத்தார். "பாட்டுலினம்" என்ற பெயரே தொத்திறைச்சியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நம் தொழிலின் பெயரைத் தாங்கிய நஞ்சு அது, நாம் மறக்கக் கூடாது.

"குளிரில் வைத்தால் சரியாகிவிடுமே?" என்று கேட்பீர்கள். இந்தக் கிருமியில் சில வகை 3 டிகிரிக்குக் கீழே போனால்தான் வளராமல் நிற்கும். லிஸ்டீரியா என்ற இன்னொன்று பிரிட்ஜ் குளிரிலேயே மெதுவாகப் பெருகும். கர்ப்பிணிகளுக்கு அதனால் கரு கலையும் ஆபத்து உண்டு. கடைக்காரருடைய கண்ணாடிக் குளிர்பெட்டி நாள் முழுக்கத் திறந்து மூடப்படுகிறது, இரவில் அதை அணைத்துவிடும் கடைகளும் இருக்கின்றன. உங்கள் பெயர் ஒட்டிய பொட்டலம் அங்கே எத்தனை டிகிரியில் கிடந்தது என்பது உங்களுக்குத் தெரியவே தெரியாது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். 2012-ல் நம் பக்கம் நாளுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு. அப்போது நான் ஒரு சிறிய இறைச்சி ஆலையில் தரக் கட்டுப்பாட்டில் இருந்தேன். ஒரு திங்கட்கிழமை காலை குளிரறையைத் திறந்தால் மானி 4 டிகிரி காட்டியது. பொட்டலங்கள் எல்லாம் அழகாக இருந்தன. வண்டியில் ஏற்ற ஆள் தயார். வெப்பநிலையைக் கோடாக வரைந்துகொண்டே போகும் பதிவுத்தாளை எடுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை ஜெனரேட்டர் நின்று, அறை ஒன்பது மணி நேரம் 19 டிகிரியில் கிடந்து, பிறகு பழையபடி குளிர்ந்திருக்கிறது. முந்நூறு கிலோவுக்கு மேல் புதைத்தோம். முதலாளி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அந்தத் தாள் இல்லாமல் போயிருந்தால் நானே கையெழுத்துப் போட்டு வண்டியை அனுப்பியிருப்பேன். வீட்டிலிருந்து பொட்டலம் போடுகிறவரிடம் அந்தத் தாளும் இருக்காது, ஜெனரேட்டரும் இருக்காது. பொட்டலம் வேண்டாம் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

ஆலைகள் நைட்ரைட் கலந்த உப்பைச் சேர்த்து, ஆலையிலிருந்து கடை வரை குளிர் விட்டுப்போகாமல் பார்த்து, ஆய்வகத்தில் சோதித்து அந்தப் பொட்டலத்தைச் செய்கின்றன. இணையத்தில் அந்த கியூரிங் உப்பு உங்களுக்கும் கிடைக்கும். ஒரு எச்சரிக்கை மட்டும் தருகிறேன். வழக்கமான கியூரிங் உப்பில் 6.25 சதவீதம் சோடியம் நைட்ரைட் இருக்கிறது. ஒரு கிலோ கறிக்கு 2.5 கிராமுக்கு மேல் போகக் கூடாது. தவறுதலாகச் சாதா உப்பில் சேர்ந்துவிடக் கூடாது என்பதற்காக அதற்கு ரோஜா நிறச் சாயம் போடுகிறார்கள். நம் வீடுகளில் இந்துப்பும் ரோஜா நிறம்தான்! ஒரே சமையலறையில் இரண்டும் இருந்து, அம்மாவோ வேலைக்கு உதவ வரும் அக்காவோ அதை ரசத்தில் போட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. அன்றன்றைக்குச் சூடாக விற்கும் கோழிக்கு அந்த உப்பு தேவையும் இல்லை. வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

சரி, எப்படிச் செய்வது? வாரம் ஒரு நாள், ஞாயிறு மதியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வியாழன் இரவோடு ஆர்டரை மூடிவிடுங்கள், முன்பணமும் வாங்கிவிடுங்கள். சனிக்கிழமை காலை கோழி வாங்கும்போது தோலோடு வேண்டும் என்று கடையில் முந்தைய நாளே சொல்லிவைக்க வேண்டும். நம் ஊரில் கேட்காமலே தோலை உரித்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். அறுத்த சூட்டோடு உப்புத் தண்ணீரில் போடாதீர்கள். நான்கைந்து மணி நேரம் குளிரில் கிடந்து, சதை விறைத்துத் தளர்ந்த பிறகு போட்டால் கறி மிருதுவாக இருக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 60 கிராம் உப்பு, இரவு முழுக்கப் பிரிட்ஜில். கல்லுப்பை கரண்டியால் அளக்காமல் தராசில் நிறுத்துப் போடுங்கள். ஞாயிறு விடியற்காலை எடுத்து, துடைத்து, மேல்தோல் கையில் லேசாக ஒட்டும் அளவுக்குப் பிரிட்ஜிலேயே மூடாமல் உலரவிடுங்கள். அந்த ஒட்டும் தோலில்தான் புகை சீராகப் பிடிக்கும். ஈரத்தோடு தொங்கவிட்டால் நான் படத்தில் பார்த்த கரும்புள்ளியும் ஒரு புளிப்புக் கசப்பும் வரும்.

தொடையின் தடிப்பான இடத்தில், எலும்பில் படாமல், 74 டிகிரி காட்டினால் கோழி பாதுகாப்பாக வெந்துவிட்டது. உங்கள் கடிதத்தில் "நிறம் பார்த்து இறக்குவேன்" என்று எழுதியிருந்தீர்கள். வீட்டுக்குச் சரி, விற்பனைக்குச் சரியில்லை. புகையில் வெந்த கோழி எலும்போரத்தில் வெந்த பிறகும் சிவப்பாகத் தெரியும், வேகாத கோழியும் வெளியே பொன்னிறமாகத் தெரியும். குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் இரண்டு வாங்குங்கள். ஒன்று பொய் சொன்னால் இன்னொன்று காட்டிக்கொடுக்கும். வாரம் ஒரு முறை பனிக்கட்டித் தண்ணீரில் வைத்து 0 காட்டுகிறதா என்று பாருங்கள். இறக்கியதிலிருந்து வாடிக்கையாளர் கைக்குப் போகும்வரை 60 டிகிரிக்குக் கீழே இறங்க விடக் கூடாது. தெர்மோகோல் உள்வைத்த பெட்டியில், கொதிநீர் நிரப்பிய பாட்டில்களை அடியில் போட்டு வைத்தால் இரண்டு மணி நேரம் தாங்கும். பெட்டிக்குள்ளும் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். மிஞ்சியதை அடுத்த நாள் விற்காதீர்கள். வீட்டுக்கு என்றாலும் எலும்பைப் பிரித்துத் தட்டில் பரப்பி உடனே பிரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள்.

அப்புறம் விலை. இங்கேதான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள், உங்கள் 450 ரூபாயும் அப்படித்தான். கணக்குப் போட்டுப் பார்ப்போம். விலைகளை உங்கள் பகுதிக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

பத்துக் கோழி, சுத்தம் செய்து தோலோடு எடை தலா 1.3 கிலோ, ஆக 13 கிலோ. கிலோ 240 என்றால் 3,120 ரூபாய். உப்பு, சர்க்கரை, மிளகு, மசாலா 200. கரியும் விறகும் 350. பெட்டி, தாள், பை கோழிக்கு 20 வீதம் 200. கேஸ், மின்சாரம், பனிக்கட்டி 150. மொத்தம் 4,020 ரூபாய். பத்தில் ஒன்று சோதனைக்கோ சேதாரத்துக்கோ போய்விடும். ஒன்பது கோழியை 450-க்கு விற்றால் கிடைப்பது 4,050. மிச்சம் 30 ரூபாய்! சனிக்கிழமை ஒன்றரை மணி நேரம், ஞாயிறு ஆறு மணி நேரம், கழுவிக் கவிழ்க்க ஒன்றரை மணி நேரம், ஆக ஒன்பது மணி நேர உழைப்புக்கு முப்பது ரூபாய். உங்களுக்கு லாபம் இருப்பதுபோல இவ்வளவு நாள் தோன்றியதற்குக் காரணம், விருந்துக்குச் செய்யும்போது நாம் விறகையும் நேரத்தையும் கணக்கில் எழுதுவதில்லை.

உங்கள் உழைப்புக்கு மணிக்கு 150 ரூபாய் என்று குறைவாகவே வைத்தாலும் 1,350 கூடுகிறது. அப்போது ஒரு கோழியின் அடக்கம் கிட்டத்தட்ட 600 ரூபாய். டிரம்மின் தேய்மானம், பதிவுக் கட்டணம், தண்ணீர் சோதனை எல்லாம் அதற்கு மேல். ஆகவே 650 ரூபாய்க்குக் குறைந்து நீங்கள் விற்கவே கூடாது.

இதையே இருபது கோழியாகச் செய்து பாருங்கள். கறி 6,240, மசாலா 400, எரிபொருள் 500, பொட்டலம் 400, மற்றவை 200. மொத்தம் 7,740. நேரம் ஒன்பதிலிருந்து பத்தரை மணி நேரமாக மட்டுமே கூடுகிறது, ஏனென்றால் நெருப்பைப் பார்த்துக்கொள்வதில்தான் உங்கள் நேரம் போகிறது, கோழி கூடினால் நெருப்பின் வேலை அதிகம் கூடுவதில்லை. பத்தொன்பது கோழி 650-க்குப் போனால் 12,350 ரூபாய். கையில் நிற்பது 4,610, அதாவது மணிக்கு 440 ரூபாய் அளவில். இந்தத் தொழிலில் வருமானம் டிரம் நிரம்புவதில் இருக்கிறது. அதனால்தான் 2.5 லட்சம் வேண்டாம் என்கிறேன். அந்தப் பணத்தில் ஒரு சிறு பங்கைச் செலவழித்தாலே இரண்டாவது டிரம்மும், கறிக்கென்று தனி பிரிட்ஜும், தராசும், தெர்மாமீட்டர்களும் வந்துவிடும். வெளிநாட்டு இயந்திரத்தில் ஒரு போர்டு போனால் பாகம் வரும்வரை உங்கள் ஞாயிறுகள் சும்மா போகும். டிரம் ரிப்பேரை உங்கள் தெரு வெல்டரே முடித்துக் கொடுப்பார்.

இரண்டாவது டிரம் வாங்கும்போது அதில் முன்பு என்ன இருந்தது என்று கேட்காமல் வாங்காதீர்கள். சமையல் எண்ணெய் வந்த டிரம் தேடுங்கள். ரசாயனமோ பூச்சிமருந்தோ வந்தது எத்தனை முறை கழுவினாலும் வேண்டாம். எண்ணெய் டிரம்மிலும் உள்ளே சிவப்பாகவோ பழுப்பாகவோ பூச்சு இருக்கும். முதலில் பெரிய நெருப்பு போட்டு அதை முழுதாக எரித்து, தேய்த்து, பிறகு சமையல் எண்ணெய் தடவி வெறும் டிரம்மாக இரண்டு மூன்று முறை புகைய விடுங்கள். உள்ளே வைக்கும் வலையும் கொக்கியும் 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். ஜி.ஐ. வலை மலிவு, ஆனால் அதன் துத்தநாகப் பூச்சு சூட்டில் நல்லதல்ல.

விறகு என்பது நான் ஆசையாகப் பேசும் விஷயம். நீங்கள் ஆன்லைனில் ஹிக்கரிச் சில்லுகள் வாங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். எதற்கு? டெக்சாஸில் மெஸ்கீட் மரத்தை வைத்துத்தான் பல ஊர்களில் கறி சுடுகிறார்கள். அந்த மெஸ்கீட்டுக்கு நெருங்கிய சொந்தம் நம் சீமைக்கருவேலம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து, ராமநாதபுரத்திலும் சிவகங்கையிலும் விருதுநகரிலும் காடாகப் பரவி, நாம் திட்டித் தீர்க்கும் அதே மரம். அங்கிருந்து மூட்டை மூட்டையாகக் கரியும் வருகிறது. அடியில் அந்தக் கரி, மேலே வாசனைக்கு நன்றாகக் காய்ந்த கொய்யாக் கட்டை, இதுதான் என் கலவை. கொய்யாப் புகை மென்மையாக, கொஞ்சம் இனிப்பாக இருக்கும். கோழிக்கு அதைவிடப் பொருத்தமானது நம் ஊரில் இல்லை என்பது என் கருத்து. மாவும் நன்று. புளியங்கட்டை நின்று எரியும், பன்றிக்கு எடுபடும். சீமைக்கருவேலத்தை விறகாகவே போட்டால் புகை காரமாக அடிக்கும், அளவாகப் போட வேண்டும். வேம்பும் தைலமரமும் வேண்டாம். அரளி நஞ்சு, அதன் குச்சிகூடப் பக்கத்தில் வரக் கூடாது. பிளைவுட், பெயின்ட் அடித்த பலகை, சரக்கு அடுக்கும் பழைய பாலெட் பலகை எதுவும் ஆகாது.

எந்தக் கட்டையாக இருந்தாலும் ஆறு மாதமாவது நிழலில் காய்ந்திருக்க வேண்டும். இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டினால் மணி மாதிரி கணீரென்று கேட்க வேண்டும், மந்தமாகக் கேட்டால் ஈரம். குழாயிலிருந்து வெள்ளைப் பஞ்சு மாதிரிப் புகை வரும்போது கோழியை உள்ளே விடாதீர்கள். அது அடங்கி, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நீலமாக வரும்போது விடுங்கள். கொழுப்பு நேராகக் கங்கில் சொட்டாமல் நடுவில் ஒரு தட்டு வையுங்கள். கங்கில் எரிந்த கொழுப்பின் புகையில் உடலுக்குக் கெடுதலான பொருள்கள் அதிகம், அது திரும்பக் கறியில்தான் படியும்.

கோழியும் பன்றியும் ஒரே டிரம்மில் செய்கிறீர்கள் என்று ஒரு வரியில் எழுதியிருந்தீர்கள். நண்பர்களுக்கு அது தெரியும். காசு கொடுத்து வாங்குகிறவருக்குத் தெரியாது. பன்றி தொடாத குடும்பங்கள் உங்கள் கோழியை வாங்குவார்கள், முஸ்லிம்கள் மட்டும் அல்ல, கோவையில் இந்துக்களிலும் எத்தனையோ வீடுகள் அப்படி. அவர்களுக்குச் சொல்லாமல் கொடுப்பது பெரிய தவறு. இப்போதைய டிரம்மை உள்ளே எரித்துச் சுத்தம் செய்தால்கூடப் போதாது, கோழிக்குப் புது டிரம்மை வைத்துவிட்டுப் பழையதைப் பன்றிக்கு ஒதுக்கிவிடுங்கள். கத்தி, பலகை, பெட்டி எல்லாம் தனித்தனியாக இருக்கட்டும். யாராவது கேட்டால் இரண்டும் செய்கிறேன், தனித்தனி டிரம் என்று உள்ளதைச் சொல்லுங்கள். கோழி எந்தக் கடையில் அறுத்தது என்பதையும் கேட்டவருக்குச் சொல்லுங்கள்.

லைசென்ஸ் வேண்டும். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைச் சட்டம், 2006-ன்படி வீட்டிலிருந்து விற்றாலும், வாரம் ஒரு நாள் விற்றாலும், பதிவோ உரிமமோ இல்லாமல் உணவு விற்கக் கூடாது. சிறிய அளவுக்குப் பதிவு, அதற்கு மேல் உரிமம். கிடைக்கும் 14 இலக்க எண்ணைப் பெட்டியில் அச்சிட வேண்டும். விண்ணப்பம் ஆன்லைனில்தான், ஆனால் அதற்கு முன் உங்கள் மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலர் அலுவலகத்துக்கு நேரில் ஒரு முறை போய்வாருங்கள். விண்ணப்பத்தில் தொழில் வகையைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில்தான் ஆட்கள் குழம்புகிறார்கள். சமைத்த உணவை அன்றே விற்பது ஒரு வகை. இறைச்சியைப் பதப்படுத்திப் பொட்டலமாக்குவது வேறு வகை, அதற்கான இடவசதியும் பரிசோதனைகளும் வேறு. உங்கள் மொட்டை மாடி முதல் வகைக்குத்தான் பொருந்தும். பொட்டலம் வேண்டாம் என்பதற்கு இது இரண்டாவது காரணம். தண்ணீர் சோதனைச் சான்றும், உங்களுக்கும் உதவுகிறவருக்கும் மருத்துவத் தகுதிச் சான்றும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். மாநகராட்சித் தொழில் உரிமம் பற்றி மண்டல அலுவலகத்தில் கேளுங்கள். வியாபாரத்துக்கு வீட்டு சிலிண்டரைப் பயன்படுத்தக் கூடாது, 19 கிலோ வணிக சிலிண்டர் எடுக்க வேண்டும். மின் இணைப்பின் வகையையும் மின்வாரியத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அக்கம்பக்கத்தை மறந்துவிட்டீர்கள். மாதம் ஒரு முறை புகை வந்தால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். ஒவ்வொரு ஞாயிறும் வந்தால் மாடியில் துணி காயப்போடும் பக்கத்து வீட்டு அக்கா வருத்தப்படுவது நியாயம்தான். ஆரம்பிப்பதற்கு முன்பே நேரில் போய்ச் சொல்லுங்கள், எந்த நேரத்தில் புகை இருக்கும் என்று சொல்லி அவர்களுக்கு எது தோது என்று கேளுங்கள். சைவக் குடும்பம் என்றால் இன்னும் பொறுமையாகப் பேசுங்கள். அவர்களுக்கு உண்மையிலேயே தாங்காது என்றால் ஊருக்கு வெளியே உறவினர் தோட்டம் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். கோவையில் அது கிடைக்காத விஷயம் இல்லை. வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். உங்கள் நிறுவன நியமனக் கடிதத்தையும் எடுத்துப் படியுங்கள், வேறு வருமானத் தொழில் செய்ய அனுமதி வேண்டும் என்ற வரி பல மென்பொருள் நிறுவனங்களின் கடிதத்தில் இருக்கும்.

ஒரு நோட்டு போடுங்கள். எந்தக் கடையில் எத்தனை கிலோ வாங்கினேன், எத்தனை மணிக்கு டிரம்மில் வைத்தேன், இறக்கும்போது ஒவ்வொரு கோழியும் எத்தனை டிகிரி, யாருக்கு எத்தனை மணிக்குக் கொடுத்தேன். ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். யாராவது வயிற்றுப்போக்கு என்று போன் செய்தால் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்து, அதே டிரம்மில் வாங்கிய மற்ற எட்டுப் பேருக்கும் உடனே நீங்களே போன் செய்து சாப்பிட வேண்டாம் என்று சொல்ல வேண்டும். உங்கள் மனைவிக்கு இருக்கும் பயத்துக்கு என்னால் தர முடிந்த நேர்மையான பதில் அந்த நோட்டுதான். அவரையே அதை எழுதச் சொல்லலாம். பயப்படுகிறவர் கையில் இருந்தால் அது விடுபடாமல் எழுதப்படும்.

இன்னும் ஆறு மாதம் கழித்து, ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு டிரம்மும் நிரம்பி, ஆட்களைத் திருப்பி அனுப்பும் நிலை வந்தால், பொட்டலத்தைப் பற்றி யோசியுங்கள். அப்போதும் நேராக இயந்திரம் வாங்கப் போகாமல் முதலில் படிக்கப் போங்கள். ஹைதராபாத் செங்கிச்செர்லாவில் உள்ள தேசிய இறைச்சி ஆராய்ச்சி நிறுவனம் தொழில்முனைவோருக்குப் பயிற்சி தருகிறது. நம் மாநிலத்தில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் சென்னை, நாமக்கல் கல்லூரிகளில் இறைச்சி அறிவியல் துறைகள் இருக்கின்றன. தஞ்சாவூரில் உணவுத் தொழில்நுட்பத்துக்கென்றே தேசிய நிறுவனம் இருக்கிறது. உங்கள் கோழி எத்தனை நாள் தாங்கும் என்பதை ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். அந்தத் தாள் கைக்கு வரும்வரை பொட்டலத்தில் ஒரு தேதியை அச்சிட உங்களுக்கு அடிப்படை கிடையாது.

சூப்பர் மார்க்கெட்காரரை முகம் முறிக்க வேண்டாம். ஞாயிறு மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு மணி வரை அவர் கடை வாசலில் உங்கள் சூட்டுப்பெட்டியோடு நிற்க இடம் தருவாரா என்று கேட்டுப் பாருங்கள். முன்பதிவு செய்தவர்கள் அங்கே வந்து வாங்கிக்கொள்ளட்டும். வந்தவர்கள் அவர் கடையில் ரொட்டியும் வெங்காயமும் குளிர்பானமும் வாங்கத்தான் போகிறார்கள், அவருக்கும் நஷ்டமில்லை. அந்த விற்பனை இடத்தையும் பதிவு விண்ணப்பத்தில் காட்ட வேண்டுமா என்பதை நியமன அலுவலர் அலுவலகத்துக்குப் போகும் அன்றே கேட்டுவிடுங்கள். போகும்போது வீட்டு வாடகை ஒப்பந்தம் அல்லது வரி ரசீது, ஆதார், புகைப்படம், மாடியின் ஒரு எளிய வரைபடம் ஆகியவற்றைக் கையோடு எடுத்துப்போனால் இரண்டாவது முறை அலைய வேண்டியிருக்காது.